இருளப்பனின் வருகை பதிவானது

நாங்கள் இருளப்பன் அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் காலையில், ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்போதே, அவர் செங்குளம் நகராட்சி பதினோராம் வார்டு தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, எப்போதும் நிற்கிற இடத்தில், எப்போதும் போடுகிற பச்சைச் சட்டையோடு, கையில் விளக்குமாற்றோடு வந்து நின்றார். முந்தின நாள் அவர் தலைமாட்டில் நின்று அழுத, கூட வேலை பார்க்கிற பதினெட்டுப் பேரும் அங்கேதான் நின்றார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் ஓடவில்லை, காலை ஆறு மணிக்கு எழுந்து ஓடுகிற தெம்பு யாருக்கு இருக்கிறது, சொல்லுங்கள். மேஸ்திரி தர்மராஜ் பேர் வாசித்துக்கொண்டே வந்தவர் பழக்கத்தில் 'இருளப்பன்' என்று வாசித்துவிட்டு நாக்கைக் கடித்தார், அதற்குள் 'இருக்கேன்' என்று பதில் வந்துவிட்டது, வந்த பதிலை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் டிக் போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போனார்.

நான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் ரிப்பேர் பார்க்கிறவள். பேர் தங்கபுஷ்பம், ஊருக்குப் புஷ்பம். பேய்க்கதை சொல்லி ஆள் சேர்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. நாள் முழுக்க உடைந்த டிஸ்பிளேயையும் தண்ணீரில் விழுந்த போனையும் பார்த்துக் கண் மங்கிப்போனவளுக்குப் பேயெல்லாம் ஒரு சமாச்சாரமா? ஆனால் இந்தக் காரியத்தில் கடைசியாகக் கை வைத்தவள் நான்தான், அதனால் நான்தான் சொல்லியாக வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நகராட்சி, துப்புரவு ஆட்கள் இருநூற்று முப்பத்தாறு பேருக்கும் ஆளுக்கொரு போன் கொடுத்தது. கடையில் விற்கிற மாதிரிப் போன் இல்லை, கம்ப்யூட்டரில் போடுகிற லினக்ஸை அப்படியே சுருக்கி உள்ளே வைத்த போன். உள்ளே போகத் தெரிந்தவர்கள் கறுப்புத் திரையில் எழுத்தாக அடித்து அதை என்ன வேண்டுமானாலும் செய்யச் சொல்லலாம், தெரியாதவர்களுக்கு அது ஒரு செங்கல். என் கடைக் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்து வந்து வெறுத்துப்போய் நான் எப்போதோ லினக்ஸ் போட்டு வைத்திருந்தேன், அந்த ஒரு குற்றத்துக்காக அத்தனை போனையும் பழுது பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. அந்தப் போனில் 'பணிவருகை' என்று ஒரு சாப்ட்வேர். காலை ஐந்தே முக்காலுக்கு அது அலறும். முகத்தைக் காட்ட வேண்டும், பெருவிரலை வைக்க வேண்டும், 'வருகை பதிவானது' என்று ஒரு பெண்குரல் சொல்லும், சொன்ன பிறகு எந்த மூலையில் இருந்தாலும் ஆறு மணிக்குத் தொட்டிக்குக் கீழே வந்து நின்றாக வேண்டும். மற்ற எதையும் அழுத்திப் பிடித்தால் 'நீக்கவா?' என்று கேட்கிற போன், இதை மட்டும் எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் வாயைத் திறக்காது.

இருளப்பன் அண்ணனுக்குத் தூக்கம்தான் சொத்து. முப்பது வருஷமாக விடிகிறதற்கு முன்னால் எழுந்த மனுஷன், ஐந்தே முக்காலுக்குப் போன் அலறினால் கண்ணைத் திறக்காமலே படுத்துக்கிடப்பார். அவர் பெண்டாட்டி பூங்கனி மதினிதான் அடுப்பங்கரையில் இருந்து ஓடிவந்து, அவர் இமையை இரண்டு விரலால் விரித்து, போனை முகத்துக்கு நேரே பிடித்து, அவர் பெருவிரலைத் தூக்கி அதில் வைப்பாள். அதனால் அவருக்கு ஐந்து நிமிஷத் தூக்கம் கூடக் கிடைக்கும். அந்த வார்டில் முக்கால்வாசிப் பெண்டாட்டிகள் செய்கிற காரியம்தான் இது, இதற்கு மேல் அந்த வீடுகளில் ஒருத்தருக்கு ஒருத்தர் செய்துகொள்ள நேரம் கிடையாது. நாலு வருஷம், ஒரு நாள் விடாமல் செய்தாள். அண்ணன் செத்த அன்றைக்கும் செய்தாள். ஐந்தே காலுக்கு நெஞ்சைப் பிடித்தவர், ஐந்தரைக்கு அடங்கிவிட்டார், அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தபோது போன் அலறியது, அவள் கை அதுபாட்டுக்குப் போய் இமையை விரித்தது, பெருவிரலைத் தூக்கி வைத்தது. 'வருகை பதிவானது' என்றது போன். அதற்குப் பிறகு யாரும் கை வைக்காமலே தினமும் ஐந்தே முக்காலுக்கு அது அப்படிச் சொன்னது.

'நான்தான் புஷ்பம் அவுகள அனுப்பிட்டேன்,' என்று பிறகு என் கடையில் உட்கார்ந்து அவள் சொன்னாள். 'நீயா அனுப்புன? அதுதான் அலறிச்சுல்லா,' என்றேன். அவள் கேட்கவில்லை.

ஊர் இதற்கு எப்படிப் பழகியது என்று கேட்டால், ரொம்பச் சீக்கிரம் பழகியது. முதல் இரண்டு நாள், அவர் கூட்டுகிற அன்னை நகர்க்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்த்தார்கள், மூன்றாம் நாள் ஜன்னலைத் திறந்தார்கள், நாலாம் நாள் குப்பைக் கவரைப் பழையபடி வீசினார்கள். செத்த பிறகு அண்ணனுக்கு இருமல் இல்லை, டீ வேண்டாம், வெற்றிலை வேண்டாம், யாரிடமும் நின்று பேசுவதில்லை, கூட்டுவார், அள்ளுவார், வண்டியில் போடுவார், இரண்டு மணி அடித்ததும் சுடுகாட்டுப் பக்கம் நடந்து போய்விடுவார். பதினாறாம் நாள் கருமாதிக்கு மதினி வீட்டு வாசலில் பந்தி போட்டோம், சாப்பிட்டு எறிந்த இலையை எல்லாம் மறுநாள் காலையில் அவர்தான் கூட்டி அள்ளினார். அவர் கருமாதி இலையை அவரே அள்ளினார், நாங்கள் எல்லாரும் நின்று பார்த்தோம், ஒரு இலையில் வடை மிச்சம் இருந்தது, அதை நாய்க்குத் தள்ளிவிட்டுப் போனார்.

மேஸ்திரிக்கு யோகம் அடித்தது. அண்ணனுக்கு இரண்டு தெருதான் வேலை, அது நாலு தெருவானது, பிறகு ஆறானது. களைக்காத ஆளுக்கு என்ன கணக்கு? யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றால் போதும், 'செத்தவனே ஆறு தெரு கூட்டுதான், உயிரோட இருக்க உனக்கு என்ன கேடு?' என்று தர்மராஜ் வண்டியில் உட்கார்ந்தபடி சத்தம் போடுவார். அதைக் கேட்டுக் கேட்டு அந்தப் பதினெட்டுப் பேருக்கும் அண்ணன் மேலேயே எரிச்சல் வந்துவிட்டது. கூடவே இருபது வருஷம் வேலை பார்த்தவர்கள், அவர் பக்கம் திரும்பாமல் கூட்டினார்கள். அவரும் யார் பக்கமும் திரும்பவில்லை. மதினி தினமும் போய்த் தொட்டிக்குக் கீழே நிற்பாள், 'ஏங்க, ஏங்க' என்பாள், அவர் அவளைத் தாண்டி அடுத்த குப்பையைப் பார்ப்பார். அந்தச் சாப்ட்வேரில் பேர் உண்டு, நம்பர் உண்டு, வார்டு உண்டு, நேரம் உண்டு. பெண்டாட்டி கிடையாது.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது எது என்றால், அவர் தேய்ந்துகொண்டு வந்தார். உயிர் உள்ள காலில் தோல் உரிந்தால் மறுபடி வளரும், அவருக்கு வளரவில்லை. பாதத்தில் ஆரம்பித்து, குதிங்கால் போய், ஒரு மாசத்தில் ஆள் நாலு விரல்கடை குட்டையாகிவிட்டார், விளக்குமாறு தேய்கிற மாதிரிதான். 'இப்பிடியே கணுக்கால் போகும், முழங்கால் போகும், கடைசில வெறுங்கை ரெண்டும் தெருவக் கூட்டிக்கிட்டுக் கிடக்கும் புஷ்பம்,' என்றாள். 'அவுகள எப்பிடியாவது படுக்க வைக்கணும்.'

அவள் முயற்சி செய்யாமல் என்னிடம் வரவில்லை. நகராட்சி ஆபீசுக்குப் போய் இறப்புச் சான்றிதழைக் கொடுத்தாள். அங்கே இருந்த கிளார்க் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, 'ஆள் இன்னைக்கும் வேலைக்கு வந்திருக்காரேம்மா, டூட்டியில இருக்கவர நான் எப்பிடி இறந்துட்டார்னு ஏத்த முடியும்?' என்று சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தார். அவர் பேரில் நானே போனில் லீவு எழுதிப் பார்த்தேன், காய்ச்சல், திருவிழா, குடும்ப விசேஷம், மற்றவை என்று நாலு காரணம்தான் இருந்தது, 'மற்றவை' போட்டேன், பத்து நிமிஷத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று வந்தது. கோடாங்கியைக் கூட்டிவந்து உடுக்கு அடித்துப் பார்த்தாள். அந்த ஆள் அண்ணன் பின்னாலேயே இரண்டு தெரு நடந்துவிட்டு, வேர்த்துப்போய் உட்கார்ந்து, 'பேயா இருந்தா நான் ஓட்டிருவேன் தாயி, இது டூட்டியில்லா,' என்று தட்சிணைகூட வாங்காமல் எழுந்து போனான்.

ஆக, போனைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். 'இதுல இருக்க அந்தச் சனியனப் பிடுங்கிரு,' என்றாள்.

இரண்டு மணிக்கு மேல், அண்ணன் சுடுகாட்டுக்குத் திரும்பின பிறகு, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். கறுப்புத் திரையைத் திறந்தேன், நகராட்சிக்காரர்கள் வைத்திருந்த பாஸ்வேர்டு ஊர் பின்கோடுதான், அதைப் போட்டு உள்ளே போனேன், 'பணிவருகையை நீக்கு' என்று அடித்தேன். அது சொன்னது: இடம் இல்லை. எடுப்பதற்கு எதற்கு இடம் என்று மதினி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஒரு சாமானை எடுத்தால், எடுத்தேன் என்று எழுதி வைக்க அதற்கு ஒரு மூலையில் இடம் வேண்டும், அந்த மூலைகூட இல்லாமல் போன் நிறைந்து கிடந்தது. 'ஒரு விரக்கடை இடம்கூடவா இல்ல?' என்றாள். ஒரு விரற்கடைகூட இல்லை.

சரி, ஒதுக்குவோம் என்று ஆரம்பித்தேன். எப்போதோ இறக்கி வைத்து மறந்துபோன பழைய சாப்ட்வேர் மூட்டைகளைத் துடைத்தேன், போன் தனக்குத்தானே நாலு வருஷமாக எழுதி வைத்திருந்த குறிப்புகளைத் துடைத்தேன், கொஞ்சம் இடம் கிடைத்தது, எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் இடம் இல்லை. பணிவருகை தின்றுவிட்டது. நிமிஷத்துக்கு ஒரு தடவை 'இருளப்பன் பணியில் இருக்கிறார், இருளப்பன் பணியில் இருக்கிறார்' என்று எழுதிக்கொண்டே இருக்கிறது, எவ்வளவு ஒதுக்கினாலும் அவ்வளவையும் எழுதி நிரப்புகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் ஆகாது, அது தின்று முடிக்கிறதற்குள் அதைப் பிடுங்குகிற அளவுக்கு, ஒரே வீச்சில் பெரிய இடமாக ஒதுக்க வேண்டும். எது இவ்வளவு இடத்தை அடைத்துக் கிடக்கிறது என்று தேடிப் பார்த்தேன். ஒலிப்பதிவு. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் ஒலிப்பதிவு.

ஒன்றைப் போட்டேன். விளக்குமாறு சத்தம், பின்னாலேயே அண்ணன் குரல். 'ஏ ரெண்டாம் நம்பர் வீட்டுக்காரா, மாம்பழம் தின்னா கொட்டையக் குப்பையில போடணும்டே, சாக்கடையில போட்டா அங்க மரமா முளைக்கும்? முளைச்சாலும் என்னையத்தான் வெட்டச் சொல்லுவ.' அடுத்ததைப் போட்டேன், அதுவும் அப்படித்தான், ஏதோ ஒரு தெருவை, ஏதோ ஒரு வாசலை, நாயை, வெயிலை, மேஸ்திரியை வைதுகொண்டும் கேலி செய்துகொண்டும் போகிறார். மனுஷன் நாலு வருஷமாகச் சட்டைப்பையில் போனைப் போட்டுக்கொண்டு, கூட்டிக்கொண்டே தினமும் இரண்டு மூன்று நிமிஷம் அதனிடம் பேசியிருக்கிறார்.

மதினி வாயைப் பொத்திக்கொண்டாள். 'இந்த மனுசன் இவ்ளோ பேசுவாகளா?' என்றாள். வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவார், படுப்பார், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிற மகள் மகேசு போனில் கூப்பிட்டால்கூட 'நல்லாருக்கியா' என்பார், 'அம்மாட்ட குடுக்கேன்' என்பார், அவ்வளவுதான். இருபத்தேழு வருஷம் கூடப் படுத்தவளுக்கு அந்தக் குரலில் இத்தனை சிரிப்பு இருக்கிறது என்று தெரியவில்லை. அழுகையும் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தாள். நான்தான் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. 'மதினி, இத அழிச்சாத்தான் அத எடுக்க முடியும்.'

காப்பி எடுத்து வைக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும், எனக்குத் தோன்றாதா? என் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தேன், அங்கே விளக்குமாறு சத்தம் மட்டும்தான் வந்தது. பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் பதிவு பண்ணினேன், அதிலும் விளக்குமாறுதான், சரக் சரக் என்று. அந்தக் குரல் அந்தப் போனை விட்டு வெளியே வராது என்று புரிந்துபோனது. எதனால் என்று கேட்காதீர்கள், எனக்கு அலுத்துப்போய்விட்டது.

'எனக்குக் கொஞ்ச நாள் குடு,' என்றாள் மதினி. 'எல்லாத்தையும் ஒருக்காக் கேட்டுருதேன்.'

தினமும் மதியம் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து காதில் வைத்துக் கேட்டாள். அங்கே அண்ணன் தேய்கிறார், இங்கே இவள் கேட்கிறாள், நான் இரண்டுக்கும் நடுவில் சார்ஜர் பின் மாற்றிக்கொண்டிருக்கிறேன். விஷயம் வெளியே தெரிந்து அன்னை நகர் நலச்சங்கத் தலைவர் ஜெபமணி சார், மின்வாரியத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர், இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். 'ஏம்மா, நாங்க சங்கத்துல தீர்மானமே போட்டிருக்கோம். அவர் யாருக்கு என்ன தொந்தரவு குடுக்கார்? தெரு கண்ணாடி மாதிரி இருக்கு. இருந்துட்டுப் போகட்டுமே,' என்றார். குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, நல்ல மனுஷர்தான், கருமாதிக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பினவர்.

மதினி போனில் எதையோ தேடி எடுத்து மேஜையில் வைத்தாள்.

'எட்டாம் நம்பர் ஜெபமணி சார் வீட்டுல இன்னைக்கு வஞ்சிர மீனு,' என்றது அண்ணன் குரல். 'மீன் கழுவுன கவர மதிலுக்கு மேல இருந்து வீசுதாக. எந்தோள்ல வந்து விழுந்து உடைஞ்சிருச்சு. நிமிந்து பாத்தேன். சார் பாக்கல. பாத்திருந்தா சிரிச்சிருப்பேன், நல்ல மனுசன், வேணும்னா செஞ்சாக? கீழ ஒரு ஆளு நிக்கும்னு அவுகளுக்குத் தோணல, அவ்ளோதான்.'

ஜெபமணி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'எடுத்துருங்கம்மா,' என்று சொல்லிவிட்டு வெளியே போனார், கூட வந்த இரண்டு பேரும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்கள்.

பதினோரு நாளில் மதினி கேட்டு முடித்தாள். கடைசி நாள் அன்றைக்கு ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கும் ஒரு தடவை காதில் வைத்தாள். 'பூங்கனி இன்னைக்குக் கத்திரிக்காயில உப்புப் போடல. நானும் சொல்லல. சொன்னா எந்திரிச்சுப் போயி எடுத்துட்டு வருவா. அவளும் அசந்துதான் இருப்பா.' இவ்வளவுதான் அதில் இருந்தது, மிச்சம் எல்லாம் கூட்டுகிற சத்தம். 'இத ஒண்ண மட்டும் வச்சுக்கிடவா புஷ்பம்?' என்றாள். ஒன்றை வைத்துக்கொண்டால் அதனாலேயே இடம் பத்தாமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம். அவளே என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று கேட்டு, அவள் விரலாலேயே அமுக்கினாள். கறுப்புத் திரையில் பதிவை அழிக்கும்போது லினக்ஸ் 'நிச்சயமாகவா?' என்றெல்லாம் கேட்காது. ஆயிரத்து நூற்றுச் சொச்சமும் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் போய்விட்டது.

நான் அழுதேன், எனக்கு அதைச் சொல்ல என்ன வெட்கம். அழுதுகொண்டே 'நீக்கு' என்று அடித்தேன். இதை எடுத்தால் இதோடு சேர்ந்து கேமராவும் போகும், அலாரமும் போகும், ஒலிப்பதிவும் போகும், சரியா என்று கேட்டது. 'எல்லாம் போகட்டும்,' என்றாள் மதினி. சரி என்று அடித்தேன், நீக்கப்பட்டது என்று வந்தது, அவளைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விட்டேன்.

மறுநாள் காலையில் அண்ணன் வந்து நின்றார்.

சட்டை இருந்தது, விளக்குமாறு இல்லை. கை இரண்டும் தொங்க, தொட்டிக்குக் கீழே நின்றார். மேஸ்திரி ஒரு விளக்குமாற்றைக் கையில் கொடுத்தார், அது நழுவி விழுந்தது, மறுபடி கொடுத்தார், மறுபடி விழுந்தது. என்ன வேலை என்று தெரியவில்லை, வர வேண்டும் என்று மட்டும் தெரிந்திருக்கிறது. இரண்டு மணி வரைக்கும் வெயிலில் அப்படியே நின்றுவிட்டுப் போனார். மதினி என் கடைக்கு வந்து கத்தவில்லை, என்னைத் திட்டவில்லை, ஸ்டூலில்கூட உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்து, 'எல்லாத்தையும் குடுத்துட்டேனே புஷ்பம், இன்னும் என்ன வேணுமாம்?' என்றாள். அந்த நேரத்தில் தரை பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தப்பு என்னுடையது. லினக்ஸில் நீக்கு என்று சொன்னால் சாப்ட்வேரைத்தான் எடுக்கும், அதன் அமைப்புகளை வைத்திருக்கும், நாளைக்கு மனசு மாறித் திரும்பப் போட்டால் உதவும் என்று. தொழில் தெரிந்தவள், அழுகிற அவசரத்தில் அதை மறந்துவிட்டேன். தேடினேன். மூலையில் ஒரு சின்னஞ்சிறு கோப்பு. நாலே வரி: இருளப்பன், நூற்றுப் பன்னிரண்டு, வார்டு பதினொன்று, ஐந்து நாற்பத்தைந்து. வேரோடு எடு என்று அதற்கும் ஒரு கட்டளை உண்டு. அடித்தேன். அந்த நாலு வரியும் போய்விட்டது.

மறுநாள் காலை தொட்டிக்குக் கீழே மேஸ்திரி 'இருளப்பன்' என்று இரண்டு தடவை வாசித்தார். பதில் இல்லை. பதினெட்டுப் பேரும் முதல் தடவையாக அவர் நிற்கிற இடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சியம்மா என்கிற கிழவிதான் முதலில் அழ ஆரம்பித்தாள், பிறகு எல்லாரும் அழுதார்கள், ஆள் செத்து அறுபது நாள் கழித்து ஒழுங்காக ஒரு அழுகை அழுதார்கள், தர்மராஜ் சத்தம் போடாமல் வண்டியை ஓரமாக நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். மதினி சுடுகாட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். 'மண்ணு அசையல,' என்றாள். 'படுத்துட்டாக.'

கதை இங்கேயே முடிந்திருந்தால் நானும் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருப்பேன்.

வருகை நின்றதும் நகராட்சிக் கம்ப்யூட்டர் அண்ணன் செத்ததை ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டதும், செத்தவர் வேலை பெண்டாட்டிக்கு என்று ஒரு உத்தரவு வந்தது. நல்ல உத்தரவுதான், யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை, அவளுக்கும் சாப்பிட வேண்டும். பச்சைக் கோட்டு ஒன்று, விளக்குமாறு ஒன்று, புது லினக்ஸ் போன் ஒன்று. அதைப் பிரிக்காமல் அட்டைப்பெட்டியோடு என்னிடம் கொண்டுவந்தாள். 'அத எப்பிடி எடுத்தன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடு,' என்றாள். 'இப்ப எடுத்தா வேலை போயிருமே மதினி,' என்றேன். 'இப்ப இல்ல. நான் போற அன்னைக்கு. பேச்சியம்மாட்ட ஒண்ணு குடுத்து வைக்கணும், மகேசுட்ட ஒண்ணு குடுத்து வைக்கணும்.'

எழுதிக் கொடுத்தேன். ஐந்து வரி. அதைப் பார்த்துப் பேச்சியம்மா எனக்கும் ஒன்று என்றாள், பிறகு அடுத்தவர் கேட்டார், பிறகு அடுத்த வார்டு கேட்டது, எழுதி மாளாமல் ஜெராக்ஸ் போட்டு வைத்துவிட்டேன். ஆனால் அந்த ஐந்து வரி வேலை செய்ய வேண்டும் என்றால் போனில் இடம் இருக்க வேண்டும். அதை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. இப்போது எங்கள் ஊரில் துப்புரவு வேலை பார்க்கிறவர்கள் யார் போனை வேண்டுமானாலும் வாங்கிப் பாருங்கள், ஒன்றும் இருக்காது. ஒரு பாட்டு இருக்காது, ஒரு படம் இருக்காது. சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து தொட்டிக்குக் கீழே வட்டமாக உட்கார்ந்து, அந்த வாரம் போனில் சேர்ந்ததை எல்லாம் ஒருத்தருக்கு ஒருத்தர் காட்டுவார்கள், சிரிப்பார்கள், கல்யாணப் படத்தில் யார் என்ன சேலை என்று கேட்பார்கள், பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுந்து போவார்கள். வெளியூரில் இருந்து வந்த ஒரு அதிகாரி, ஊழியர்கள் போனை எவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறார்கள் என்று பாராட்டிவிட்டுப் போனாராம்.

போன மாசம் மகேசுக்குப் பிள்ளை பிறந்தது. மதினி இரண்டு மணிக்குப் பச்சைக் கோட்டோடு நேரே கடைக்கு வந்தாள், கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படத்தைக் காட்டினாள். பெண்பிள்ளை, துணியில் சுற்றி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள், சின்னதாக்கிப் பார்த்தாள், கண்ணாடி போட்டுப் பார்த்தாள். லீவு கிடைக்கவில்லை, திருப்பூர் போகச் சித்திரை ஆகிவிடும். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது, நான் இரண்டு போனுக்கு பேட்டரி மாற்றி முடித்திருந்தேன். பிறகு அழுத்திப் பிடித்தாள், போன் 'நீக்கவா?' என்று கேட்டது.

'ஒரு படம்தானே மதினி,' என்றேன். 'இது எவ்ளோ இடத்தப் பிடிச்சிரப் போகுது? வச்சுக்கிடேன்.'

'அவுகளும் ஒண்ணுல இருந்துதான் ஆரம்பிச்சாக,' என்றாள். அழித்தாள். போனை என் பக்கம் நீட்டினாள்.

'இடம் இருக்கான்னு பாரு புஷ்பம்.'

பார்த்தேன். 'நெறைய இருக்கு மதினி,' என்றேன்.